இருபத்தெட்டு உறைகள் அறுபத்து மூன்றானது

பல்லை நேராக்கும் அலைனரை வெந்நீரில் கழுவக் கூடாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று விசாரணைக்கு நடுவில் நீங்கள் எழுந்து போய், வாயிலிருந்து கழற்றி, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெந்நீர்க் குழாயில் காட்டியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சூடு பட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நெளிந்த உறை பல்லை எந்தப் பக்கம் தள்ளும் என்று அதைச் செய்தவராலும் சொல்ல முடியாது. பச்சைத் தண்ணீரும் மிருதுவான பிரஷும் போதும். பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழும்.

"உங்க வார்த்தையிலயே எழுதிக் குடுங்க, அவசரமில்ல" என்று சொல்லி ஒரு கட்டு வெள்ளைத்தாளைக் கொடுத்தீர்கள். அவசரமில்லை என்று என்னிடம் யாரும் சொல்லி வெகு நாளாகிறது. லேபில் எல்லாமே நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலைகள். ஆகவே ஆற அமர எழுதுகிறேன். கையெழுத்து புரியாத இடத்தில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இருபத்து மூன்று வருடமாகப் பல் லேபில் வேலை செய்கிறேன். முதல் பத்து வருடம் கம்பி வளைத்தேன். அதன் பிறகு அலைனர் வந்தது, நாற்காலி வந்தது, கண்ணாடியும் வந்தது. டாக்டர் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார். என் திரையில் இரண்டு வரிசைப் பற்கள் மட்டும் வந்து நிற்கும், முகம் இருக்காது. கோணலாக இருக்கும் பல்லை நேராக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும் வழியைச் சின்னச் சின்ன அடிகளாகப் பிரிப்பது என் வேலை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மாதிரி அச்சாகும். அதன் மேல் சூடான பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்ட வைத்து, ஓரம் வெட்டி, மெருகு போட்டு, மூலையில் எண்ணைப் பொறித்தால் கண்ணாடி போன்ற ஓர் உறை தயார். ஒன்றாம் எண்ணை மாட்டினால் பல் கொஞ்சம் நகரும், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஓர் உறை கால் மில்லிமீட்டர் நகர்த்தலாம். அதற்கு மேல் ஒரு மயிரிழை போனாலும் நான் விடமாட்டேன். அதனால் லேபில் எனக்குக் 'கால் மில்லி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

கம்பிக்கும் உறைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். கம்பி யாரையும் நம்பாது. பல்லோடு ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். உறை நம்பிக்கையில் ஓடுவது. சாப்பிடும்போது கழற்றலாம், பல் துலக்கக் கழற்றலாம். ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருந்தால்தான் பலன். பல் சொன்னபடி நகரவில்லை என்றால் எந்த டாக்டரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒழுங்கா போட்டீங்களா?" என்பதுதான். செய்தவளை யாரும் கேட்பதில்லை. இது எனக்கு முன்பே தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அவள் சிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். சிரிப்பு வந்தால் முதலில் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். வந்தால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். மின்சார நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் வாங்குவது அவள் வேலை. கரண்ட் போன ஆத்திரத்தில் கத்த ஆரம்பிப்பவர்கள் அவள் பேச்சைக் கேட்டு, கடைசியில் 'சாப்பிட்டாயா அம்மா' என்று விசாரித்துவிட்டு வைப்பார்கள்.

அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே கணக்கில் இல்லை. அவளுக்குத் தலை பின்னியது, கணக்குச் சொல்லிக்கொடுத்தது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான். கடைவாய்ப் பால்பல் விழுந்தபோது என் உள்ளங்கையில்தான் துப்பினாள். எனக்கு வரன் வராமல் இல்லை. தங்கையும் கூடவே வருவாள் என்றேன், வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை அடிக்கடி சொல்லிக்கொள்வதால் எனக்கு நன்றாகவே தெரியும்.

பிறகு சர்வேயர் வந்தார். நிலத்தை அளக்கிறவர். அவர் அளந்த மனைக்குக் குறுக்கே மின்கம்பி போகிறது என்று புகார் சொல்லப் போன் செய்தவர், கம்பியை நகர்த்திய பிறகும் போன் செய்துகொண்டே இருந்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி. முதல் நாள் வந்து உட்கார்ந்ததுமே ஹாலின் தரை பால்கனிப் பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். பதினெட்டு வருடம் அங்கே இருக்கிறேன், எதுவும் உருண்டு ஓடியதில்லை. மற்றபடி நல்ல மனிதர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். என்னையும் அக்கா என்றே கூப்பிடுவார். அவருக்கு மாற்றல் வந்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். அதனால் சீக்கிரம் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

தங்கைக்கு மேல் வரிசையில் இடது பக்கம் இரண்டாவது பல் லேசாகத் திரும்பியிருந்தது, கல்யாணப் போட்டோவுக்கு முன் அதைச் சரி செய்ய ஆசைப்பட்டாள் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். எழுதும்போது அப்படிச் சொல்ல வரவில்லை. அவளுக்கு அந்த ஆசை கிடையாது. முப்பத்திரண்டு வயதுவரை அப்படி ஒரு பல் தனக்கு இருப்பதை அவள் கவனித்ததே இல்லை. தேதி குறிக்க உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"குட்டி, போட்டோ புடிக்கறப்ப இடது பக்கம் திரும்பாத. அந்தப் பல்லு தெரியும்."

"எந்தப் பல்லு?"

"அதான், கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்குதே."

அவள் எழுந்து போய்க் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தாள். "எனக்கு அந்தப் பல்லுதான் முதல்ல புடிச்சுது" என்றார் சர்வேயர். குழாய்ச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டிருக்காது. திரும்பி வந்து உட்கார்ந்தவள், அடுத்து ஏதோ பேச்சுக்குச் சிரித்தபோது கையால் வாயை மறைத்தாள். அதை நான் பார்த்தேன். ஒரு வாக்கியத்தில் இவ்வளவு நடக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"கம்பியெல்லாம் போட்டா கல்யாணத்துல ரயில் தண்டவாளம் மாதிரி நிக்கணும்கா" என்றாள்.

"கம்பி எதுக்குடி? நான் எதுக்கு இருக்கேன்?"

"அப்ப சரி. கடைசி உறையக் கழட்டின மறு வாரம் கல்யாணம். அக்கா மனசு வச்சா சீக்கிரம் ஆயிடும்."

மூவரும் சிரித்தோம். சர்வேயர் காலண்டரை மூடி வைத்தார். தனியாகப் புது ஊருக்குப் போய் வேலையில் சேர்ந்துகொண்டு, மாதம் இரண்டு ஞாயிறு வந்து போகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

இருபத்தெட்டு உறை என்று திட்டம் போட்டேன். பத்து நாளுக்கு ஒன்று. ஒரு பல்லைத் திருப்பப் பக்கத்தில் இருப்பவை கொஞ்சம் இடம் விட வேண்டும், அதனால் முன்பற்கள் நான்கும் நகர வேண்டியிருந்தது. இருந்தாலும் இருபத்தெட்டு சற்று அதிகம்தான். வேறு யாருடைய வாயாக இருந்தாலும் பன்னிரண்டில் முடித்திருப்பேன். கீழ் வரிசையைப் பன்னிரண்டில்தான் முடித்தேன். டாக்டர் லிப்டில் ஏறும்போது போனில் திட்டத்தைப் பார்த்து, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி ஒப்புதல் தந்தார். அவரைக் குறை சொல்லாதீர்கள். என் வேலையை அவர் பதினோரு வருடமாகப் பார்க்கிறார். பார்க்க வேண்டியதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

பத்தொன்பதாவது உறைவரை என் மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் கால் மில்லிக்குள், ஒவ்வொன்றும் முன்னோக்கி. மற்றவர்களுக்கு ஐந்தைந்தாகப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவோம். அவளுக்கு மட்டும் நான் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோவேன். மாலையில் வந்ததும் வாசலிலேயே கையை நீட்டுவாள். மாட்டிப் பார்த்து, "ஐயோ, இறுக்குதுக்கா" என்று குதிப்பாள். இறுக்கினால் வேலை செய்கிறது என்று பொருள். பத்தொன்பதாவதில் அந்தப் பல் கிட்டத்தட்ட நேராகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அழகாகவும் இருந்தது.

அந்த வாரம் அவளும் சர்வேயரும் அவருக்கு மாற்றலான ஊரில் வீடு பார்த்துவிட்டு வந்தார்கள்.

"ரெண்டு ரூம்கா. ஜன்னலத் தொறந்தா ஏரி. நீ வந்தா ஹால்ல தாராளமா படுத்துக்கலாம்" என்றாள்.

ஹாலில் என்றுதான் சொன்னாள். அவளைத் தப்பாக நினைக்காதீர்கள், அவளுக்குச் சூது தெரியாது. எனக்குத்தான் அந்த வார்த்தை முள் மாதிரி தைத்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் போன பிறகு அந்த மூன்றாவது மாடியில் குக்கர் விசிலுக்கும் எனக்கும்தான் பேச்சுவார்த்தை என்று பயந்தேன். மறுநாள் லேபில் இருபதாவதை எடுத்தேன். பத்தொன்பதாவதையே இன்னொரு முறை அச்சடித்து, மூலையில் இருபது என்று பொறித்தேன். அவ்வளவுதான். பத்து நாள். யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

வாசலில் மாட்டிப் பார்த்தவள் குதிக்கவில்லை.

"என்னக்கா, இறுக்கவே இல்ல? லூசா இருக்கு."

இதை நான் யோசித்திருக்க வேண்டும். பத்தொன்பது முறை இறுக்கத்துக்குப் பழகியவள், இருபதில் இறுக்கம் இல்லையென்றால் சந்தேகப்படத்தானே செய்வாள். "சில கட்டத்துல அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்தேன், ஆனால் அடுத்ததிலும் அப்படியே சொல்ல முடியாது. உங்களையே கேட்கிறேன், நிதானமாக யோசித்துப் பாருங்கள். உறை இறுக்க வேண்டும். ஆனால் பல் முன்னேறக் கூடாது. இரண்டும் வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருக்கிறது. பல்லைப் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

இருபத்தொன்றை ஓர் உறை அளவு பின்னோக்கிச் செய்தேன். "இப்ப இறுக்குதுக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் சந்தோஷமாக இருந்ததால் எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இப்படி ஆறேழு உறை பின்னால், பிறகு ஆறேழு உறை முன்னால். கண்ணாடியில் பார்த்தால் சட்டென்று தெரியாது. ஆனால் தெரிந்துவிட்டது. இருபத்தேழாவது மாட்டியிருந்தபோது, "அக்கா, பல்லு பழையபடி திரும்புற மாதிரி இல்ல?" என்று கேட்டாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒழுங்கா போட்டீங்களா?"

"இருபத்திரண்டு மணி நேரம் போட்டேன் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்லுவாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நீதான் பார்த்தாயே, சொல்லேன் என்பதுபோல. நான் என் பையில் எதையோ தேடினேன். "அன்னைக்கு ஆபீஸ் பிரிவுபசார விருந்துல ரொம்ப நேரம் கழட்டி வச்சிட்டேன்" என்று அவளே தலையைக் குனிந்துகொண்டாள். புதிதாக ஸ்கேன் எடுத்து, மேலும் பதினாறு உறை என்று டாக்டர் எழுதினார். அதற்குப் பிறகு இருபது. கட்டைவிரல் படம் வந்துகொண்டே இருந்தது.

அடுத்த மாதங்களைப் பற்றி நீங்கள் மிகக் கடுமையான குரலில் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் அது நல்ல காலம். அவள் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு கண்ணும் கருத்துமாக ஆகிவிட்டாள். சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். கழற்றிய நேரம், மாட்டிய நேரம். தினமும் என்னிடம் கையெழுத்து வாங்குவாள். உறையைக் கழற்ற வேண்டுமே என்று வெளியே டீ குடிப்பதை விட்டாள், நொறுக்குத் தீனியை விட்டாள். பிறகு இரண்டு வேளை மட்டும் சாப்பிட ஆரம்பித்தாள், இருபது நிமிடத்தில் முடித்துவிடுவாள். உடம்பு பாதியாயிற்று. சர்வேயர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலுக்குப் போவது நின்றது. வீட்டிலேயே உட்கார்ந்து அவர் பேசுவார், இவள் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவாள். ஆபீசில் தொலைபேசியிலிருந்து எடுத்து, கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். இவள் பேச்சில் பழைய தெளிவும் சிரிப்பும் இல்லை, கோபமாகக் கூப்பிடுகிறவர்கள் கோபமாகவே வைக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்களாம். சத்தம் குறைந்த வேலை, நல்லதுதானே என்றேன்.

ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் காய் நறுக்குவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொடர் பார்ப்பாள். சில நாள் என் தோளில் சாய்ந்துகொள்வாள். "உன்ன ரொம்பக் கஷ்டப்படுத்துறேன்ல?" என்பாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்பேன். அதுவும் பொய்யில்லை. எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஐம்பத்திரண்டாவதில் பல் ஆடத் தொடங்கியது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பிறகு, "வேர் கரைஞ்சு போயிருக்கு. நாலு பல்லுலயும் பாதிகூட இல்ல. சிலருக்கு உடம்பு வாகு அப்படி" என்றார். உடம்பு வாகு இல்லை என்று எனக்குத் தெரியும். பல்லை ஒரே பக்கமாக மெதுவாகத் தள்ளினால் எலும்பு வழிவிடும். முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் வேர்தான் தேயும். லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். நன்றாக எடுப்பேன் என்று பெயர்.

நகர்த்துவதை உடனே நிறுத்துங்கள், இருக்கிற இடத்தில் பிடித்து வைக்க மட்டும் உறை செய்யுங்கள் என்றார் டாக்டர். செய்தேன். மூன்று உறை அப்படித்தான் செய்தேன், லேபில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தங்கை கேட்டாள்.

"இனிமே நகர்த்தப் போறதில்லன்னா, சிகிச்சை முடிஞ்ச மாதிரிதானக்கா? கல்யாணத்த வச்சிடலாமா? பல்லு எப்படி இருந்தாலும் பரவால்லன்னு அவர் சொல்லிட்டாரு."

"பாக்கலாம்" என்றேன். ஐம்பத்தாறிலிருந்து மறுபடி நகர்த்தினேன்.

அறுபத்தோராவது உறையோடு அந்தப் பல் வந்தது. காலை ஏழே கால் மணி. நான் வேலைக்குக் கிளம்பி, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பிடுவதற்காக உறையைக் கழற்றியவள் குளியலறையிலிருந்து மெதுவாக நடந்து வந்து என் முன்னால் கையை விரித்தாள். உறைக்குள் பல் அதன் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் இரண்டாவது. வேர் இருந்த இடத்தில் ஒரு சின்ன முனை மட்டும். இரத்தம்கூட அதிகமில்லை.

அவள் அழவில்லை. "அக்கா, என் மேலதான் தப்பு. போன வாரம் ஒரு நாள் காய்ச்சல்ல கழட்டி வச்சிட்டுத் தூங்கிட்டேன். உன்கிட்ட சொல்லல" என்றாள்.

"பரவால்ல, வாயக் கொப்பளி" என்றேன். எட்டரைக்கு லேபில் இருக்க வேண்டும். இருந்தேன்.

மிச்சமிருந்த மூன்றையாவது தாங்க வேண்டுமே என்று அறுபத்திரண்டும் அறுபத்து மூன்றும் செய்தேன். தாங்கும்படியாகச் செய்தீர்களா என்று கேட்பீர்கள். இறுக்கமாகச் செய்தேன்.

அகப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தங்கை பழைய உறை எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் எண் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். போட்டிருக்கும் உறைக்கு முந்தைய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்றுதான் எல்லாருக்கும் சொல்வோம், அவளுக்கு எதையும் தூக்கிப் போட மனது வராது. அவள் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். சர்வேயர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பொழுது போகாமல் உறைகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வரைபடத்தின் மேல் புதிய வரைபடத்தை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பது அவர் தொழில். உறையும் கண்ணாடி மாதிரிதானே. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றை வைத்தால் இரண்டின் ஓரமும் தெரியும்.

நான் மோர் கொண்டுவந்து வைத்தேன். அவர் குடிக்கவில்லை.

"அக்கா, பதிமூணும் இருபத்தாறும் அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது."

"அப்படியா?"

"முப்பத்தெட்டும் உக்காருது. ஐம்பதும்."

"எல்லாம் ஒரே வாய்தானே தம்பி."

அவர் உறைகளை வரிசையாக மேஜையில் வைத்தார். மனிதர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார், அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"நாங்க நிலம் அளக்கறப்ப, ஒரே எல்லைக்கல்லை நாலு தடவை தாண்டினா நிலத்து மேல தப்பு சொல்ல மாட்டோம்கா. அளந்தவன்மேலதான் சொல்லுவோம்."

இருபத்து மூன்று வருடத்தில் என் வேலையை முழுதாக உட்கார்ந்து பார்த்த முதல் ஆள் அவர்தான். தலை நிமிர்ந்தபோது தங்கை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. மேஜைக்கு வந்து பதின்மூன்றையும் ஐம்பதையும் எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பல்லு கழண்டு வந்த அன்னைக்கு, உன் மேல தப்பில்லடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நீங்களும் கேட்டீர்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றேன். பல் வந்த அந்தக் காலையில் உண்மையிலேயே நேரமாகிவிட்டிருந்தது.

ஒரு பையை எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் இருவரும் இறங்கிப் போனார்கள். சுவரில் ஒட்டியிருந்த நேரத்தாளைக் கிழிக்கவில்லை, உறைப்பெட்டியை மட்டும் எடுத்துப் போனார்கள். அதுதான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. அதன் பிறகு மேல் வரிசையில் இன்னும் இரண்டு பல்லை எடுக்க வேண்டியிருந்தது என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. நான்காவதைப் பற்றி டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லையாம்.

போன வாரம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. பொய்ப்பல் கட்டும்வரைகூடக் காத்திருக்கவில்லை. லேபில் ஓரம் வெட்டும் பெண் தன் போனில் படத்தைக் காட்டினாள், காட்டலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே. தங்கை வாயை மறைக்கவில்லை. முன்னால் பெரிய ஓட்டை. அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள், தோள் குலுங்கிய பிறகு எடுத்த படம். பக்கத்தில் அவரும் சிரிக்கிறார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் வரிசை நேராக, வரிசை பிசகாமல் இருக்கிறது. எவ்வளவு கெட்டிக்காரர் வந்து பார்த்தாலும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

நீங்கள் கேட்ட வாக்கியத்தை இங்கே எழுதிவிடுகிறேன். இருபதாவது உறையிலிருந்து அறுபத்து மூன்றாவது உறைவரை, இடையில் அந்த மூன்றைத் தவிர, எல்லாவற்றையும் தெரிந்தே தவறாகச் செய்தது நான். வேர் தேயும் என்று எனக்குத் தெரியும். தேய்ந்த பிறகும் செய்தேன். டாக்டருக்கோ லேபில் வேறு யாருக்குமோ இதில் பங்கில்லை. கல்யாணம் நடக்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் தள்ளி நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். இனி அவள் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள், அதையும் தருகிறேன்.

ஒரே ஒரு உதவி. நேராக்கிய பல்லை அப்படியே விட்டால் அது மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பிடித்து வைக்க வாழ்நாள் முழுக்க உறை போட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் அந்தக் கீழ் வரிசையும் கெட்டுவிடக் கூடாது என்று, லேபில் என் இருக்கையைக் காலி செய்த அன்று மதியமே செய்து எடுத்துக்கொண்டேன். இந்தத் தாள்களோடு வைத்திருக்கிறேன், அவளிடம் சேர்த்துவிடுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம், டாக்டர் கொடுத்ததாகச் சொன்னால் போட்டுக்கொள்வாள். பிடித்து வைக்க ஒன்று போதுமே, எதற்கு இருபது என்று நீங்கள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். பத்து நாளுக்கு ஒன்றாக, எண் வரிசைப்படி போடச் சொல்லுங்கள். முதல் உறை அவளுக்கு இறுக்கவே இறுக்காது. போகப் போக ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால், அவள் பல்லை நன்றாக அறிந்த ஒருவரிடம் வந்துதான் கேட்க வேண்டியிருக்கும். அப்படி அறிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.